காற்றுமானிக்கு மூச்சு முட்டக் கூடாது

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாகச் செய்த மகத்தான காரியம், எங்கள் நகரத்துக் காற்றின் மாசை அளக்கும் காற்றுமானியை மொட்டை மாடியிலிருந்து இறக்கி அறைக்குள் வைத்ததுதான். நெருப்பைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாது. பாவம், அவர் பெயரில் கல்வெட்டு இல்லை. காற்றுமானியை உள்ளே வைத்தவர் நகரக் காற்று நலக் குழுவின் தலைவர். அவர் பெயரில் பளிங்குக் கல்வெட்டு இருக்கிறது. அதன் மேல் படியும் கரியைத் தினமும் காலையில் துடைக்க ஓர் ஆளும் இருக்கிறார்.

இந்தப் பெருமைகளையெல்லாம் நான் அருகிலிருந்து கண்டு களிக்கும் பேறு பெற்றவன். கல்லூரி விடுமுறையில் அந்தக் குழுவில் ‘பயிற்சியாளராக’ச் சேர்ந்திருந்தேன். பயிற்சி இரண்டு வகைப்படும். ஒன்று, தேநீர் வாங்கி வருவது. மற்றொன்று, காற்றுமானி காட்டும் தரத்தைக் கணினியில் தட்டி நாற்சந்தியில் இருக்கும் மின்பலகைக்கு அனுப்புவது. பலகையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். பச்சை விளக்கு ஓயாமல் உழைத்துக் களைத்திருந்தது. மற்ற இரண்டும் புதுக்கருக்கு அழியாமல், மாமியார் வீட்டில் பிரிக்காத பெட்டி மாதிரி இருந்தன.

ஆரம்பத்தில் அப்படி இல்லையாம். காற்றுமானி முதலில் மொட்டை மாடியில்தான் இருந்தது. நகரத்தின் ஓரத்தில் பழைய டயர்களை உலையில் போட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்று உண்டு. சாயங்காலம் உலை பற்றவைத்தால் விடியும்வரை புகை வரும்; பகலெல்லாம் ஊர்மேல் படிந்து நிற்கும். அந்தப் புகை மொட்டை மாடிக்கு வந்து காற்றுமானியிடம் நலம் விசாரித்தது. காற்றுமானி சிவப்பு காட்டியது. மறுநாளும் சிவப்பு. அப்புறம் அதன் மூக்கு கரியால் அடைத்துக்கொண்டு, எதையும் காட்டாமல் நின்றுவிட்டது.

அவசரக் கூட்டம் கூடியது. குழுவில் ‘தொழில்துறை உறுப்பினர்’ என்று ஒருவர் இருக்கிறார். அந்த டயர் ஆலை அவருடையது. எனவே ஊரார் அவரை டயர்க்காரர் என்பார்கள். அவர்தான் முதலில் எழுந்து தழுதழுத்த குரலில் பேசினாராம்.

“எவ்வளவு விலை கொடுத்து வாங்கின சாமான். இந்தப் புகையில கொண்டுபோய் வெச்சா என்னத்துக்கு ஆகும்? நமக்கெல்லாம் மனசாட்சி இருக்கா இல்லையா?”

கூட்டம் நெகிழ்ந்து போயிற்று. புகையின் கொடுமையைப் புகை விடுகிறவரே சொல்லும்போது மறுக்க யாருக்கு நாக்கு எழும்? ‘கருவியின் உடல்நலம் கருதி’ அதை உள்ளறைக்கு மாற்றுவதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. இரட்டைக் கண்ணாடி போட்ட அறை. குளிர்சாதனம். காற்றைச் சலித்து அனுப்பும் வடிகட்டி இயந்திரம் ஒன்று, அதற்குத் துணையாக இன்னொன்று. கதவு இடுக்கில் ரப்பர்ப் பட்டை. அந்த ரப்பர் மட்டும் டயர்க்காரரின் அன்பளிப்பு.

அன்று மாலையே நகரத்தின் காற்று ‘நன்று’ ஆகிவிட்டது. மற்ற ஊர்கள் மரம் நட்டு, வண்டிகளைக் குறைத்து, ஆலைகளைத் துரத்தி, ஆண்டுக்கணக்கில் நாய் படாத பாடு படுகின்றன. எங்கள் குழு ஒரு பொருளை ஒரு மாடி கீழே இறக்கியது. அவ்வளவுதான் வேலை.

காற்றுமானிக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்து அலுவலகத்தில் அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தூசு ஆகாது. மாப்பிள்ளை எதிரில் தும்மக் கூடாது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மாப்பிள்ளையைக் கவனிப்பதற்கென்றே ஒரு பொறியாளர் இருந்தார். நல்ல மனிதர். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிடும் வியாதி மட்டும் அவருக்கு உண்டு. அதனால் அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

இனி என் குடும்பம். நான் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கிறேன். வீடு டயர் ஆலையின் மதிலுக்குப் பின்புறம். வாடகை குறைவு. காரணத்தை வீட்டுக்காரர் சொல்லவில்லை. காயப்போட்ட துணிகள் சொல்லின. என் வெள்ளைச் சட்டைகள் எல்லாம் இப்போது யானைக்குட்டியின் நிறம். அக்கா, பேருந்து நடத்துநரான மாமா, அவர்களின் ஒரே மகள் வாண்டு, நான் ஆகிய நால்வரும் அங்கே வசித்தோம். ஐந்தாவதாக வாண்டுவின் குறட்டையும் வசித்தது.

வாண்டு போன வருடம்தான் பள்ளியில் சேர்ந்தவள். உடம்பு கைப்பிடி. குறட்டை மட்டும் ஏறுமுகத்தில் திணறும் சரக்கு லாரி. உறவினர்கள் வந்தால் வாசலில் நின்று கேட்டு மெச்சுவார்கள். மாமாவுக்குப் பெருமை தாங்காது.

“அப்படியே எங்க அப்பா. சொத்துதான் வரல, இதாவது வந்துதே.”

குழந்தை அசந்து தூங்குகிறது, ஆரோக்கியமான தூக்கம் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் குறட்டையைக் கேட்டார்கள். அக்கா மட்டும் குறட்டைக்கு நடுவே வரும் இடைவெளியைக் கேட்டாள். சத்தம் திடீரென்று நின்றுவிடும். வாண்டுவின் விலாவுக்குக் கீழே சதை உள்ளே குழியும். வயிறு எக்கும், மார்பு எழும்பும், ஆனால் காற்று போகாது. உடம்பு முழுவதும் மூச்சு விடுவதுபோல நடித்துக்கொண்டிருக்கும். பிறகு, தண்ணீருக்குள் முங்கியவள் மேலே வந்ததைப் போல ஒரு பெரிய திணறல். மறுபடி லாரி கிளம்பும். பகலில் வகுப்பில் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்குகிறாள், கவனமே இல்லை, மந்தமாக இருக்கிறாள் என்று பள்ளியில் புகார். தூக்கத்தில் மூச்சுக்காக மல்லுக்கட்டிவிட்டு வரும் குழந்தைக்குக் கூட்டல் கணக்கில் ஆர்வம் இல்லாமல் போவது ஒழுங்கீனம்தானே.

அக்காவும் நானும் வாண்டுவைக் கொண்டுபோய்க் காட்டிய குழந்தை மருத்துவர் சுருக்கமாகப் பேசும் அம்மா. மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை வீங்கியிருக்கிறது, படுத்ததும் அது காற்று போகும் வழியை அடைக்கிறது, புகை அதைக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்கிறது என்று விளக்கினார். மூக்குக்கு மருந்து எழுதினார். சுத்தமான காற்றுள்ள இடத்தில் கொஞ்ச நாள் தூங்க வைத்துப் பார்க்கச் சொன்னார்; குறையாவிட்டால் அறுவை சிகிச்சை. அறுத்துவிட்டால் சரியாகிவிடுமா என்று அக்கா கேட்டாள்.

“மூக்கை நான் பாத்துக்குவேம்மா. திரும்ப அதே புகையிலதான படுக்க வைக்கப் போறீங்க. அதை யார் பாக்கறது?”

திரும்பி வரும்போது நாற்சந்தியில் அக்கா நின்றுவிட்டாள். தலைக்கு மேலே மின்பலகை பச்சையாக ஒளிர்ந்தது. இன்று காற்று: நன்று. நல்ல சுவாசம், நல்ல நகரம். அக்கா அதை இரண்டாம் முறையும் படித்தாள். படித்தவள் என்னைப் பார்த்தாள்.

“இதை நீதானடா போடறே?”

“ஆமாக்கா.”

“பொய்யா?”

“சேச்சே. அளந்துதான் போடறோம்.”

“அப்ப இந்தக் காத்து எங்க இருக்கு?”

நான் குழுவின் விசுவாசமான பயிற்சியாளன். அது உள்ளறையில் இருக்கிறது என்று உண்மையைச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. முகவரி விசாரித்துக்கொண்டவள் மாதிரி தலையை ஆட்டினாள்.

மறுநாள் மதியம் அலுவலக வாசலில் பாய், தலையணை, வாண்டு சகிதம் அக்கா நின்றாள். பொறியாளர் பதறிப்போய்க் கதவை மறித்துக்கொண்டார். அலுவலகத்தில் யாரும் தூங்கக் கூடாது என்றார். அப்படி ஒரு விதி இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். அங்கே அதுவரை அதை மதித்து நடந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

“சார், ஊர்க் காத்து நன்றுன்னு பலகை போட்டிருக்கீங்க. நாங்களும் ஊருதானே.”

“அது ஊர்க் காத்தும்மா. இது அறைக் காத்து.”

“அப்ப ஊர்க் காத்தை எங்க வெச்சு அளந்தீங்க?”

அவருடைய வியாதி அவரைக் காட்டிக்கொடுத்தது. “இங்கதான்” என்றார். சொன்னபின் கதவை மறிப்பதில் அர்த்தம் இல்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், விலகி நின்றார். மாப்பிள்ளைக்குத் தொந்தரவு இல்லாமல் படுக்கச் சொன்னார்.

தலைவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். ‘காற்றை ஒரே நாளில் தூய்மையாக்குவது எப்படி’ என்று அங்கே உரையாற்றி விருது வாங்கப் போயிருந்தார். ஆகவே வாண்டு தினமும் அரை நாள் பள்ளி முடிந்ததும் மதியம் வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்தாள். முதல் சில நாள் லாரி அதே ஏற்றத்தில்தான் ஏறியது. பிறகு சத்தம் சன்னமாயிற்று. இடைவெளிகள் அரிதாயின. ஒரு நாள் சத்தமே இல்லை. அக்கா பயந்துபோய் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. வாய் மூடியிருந்தது. விலா குழியவில்லை. மூச்சு விடுவது என்பது எதுவுமே நடக்காததுபோல் இருக்கும் ஒரு காரியம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அக்கா விரலை எடுக்கவே இல்லை. மதியம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நல்ல செய்திக்குக் கால் முளைக்கும். பக்கத்து வீட்டுத் தையல்காரி தன் இரட்டையர்களைக் கூட்டிவந்தாள். மருந்துக்கடைக்காரர் தம் பேத்தியைத் தோளில் தூக்கிவந்தார். மருந்து விற்கிறவரே மருந்தை நம்பாமல் வந்துவிட்டார் என்று மற்றவர்களும் வந்தார்கள். மதிலுக்குப் பின்புறத் தெருவில் அத்தனை வீட்டிலும் ஒரு குட்டி லாரி இருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. ‘நம்ம வீட்டில் மட்டும்தான்’ என்று ஒவ்வொருவரும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். அறை பாயும் போர்வையுமாக நிறைந்தது. மாப்பிள்ளை நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த விபரீதம் நிகழ்ந்தது. பலகை மஞ்சளானது. அடுத்த நாள், மாப்பிள்ளை அறைக்குள் குடிவந்தபின் முதன்முறையாக, சிவப்பானது. கருவி சொன்னதை நான் தட்டினேன், அதுதானே பயிற்சி.

ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கரியை விழுங்கிச் சலிக்காமல் இருமி வந்த மக்கள், சிவப்பு விளக்கைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இதுவரை நன்றாக இருந்த காற்று திடீரென்று நாறுகிறதே என்று ஒருவர் வியந்தார். பள்ளிகள் விடுமுறை விட்டன. டயர்க்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, தம் வீட்டுப் பேரப்பிள்ளைகளை வெளியே அனுப்பலாமா, ஆபத்து ஏதுமில்லையே என்று கவலையோடு விசாரித்தார். பின்னணியில் உலையில் டயர் தள்ளும் சத்தம் கேட்டது.

தலைவர் விருதோடு விமான நிலையத்திலிருந்து நேரே கூட்டத்துக்கு வந்தார். விருதை மேசையில் வைத்தார். மாசு எங்கிருந்து வருகிறது என்று பொறியாளரைக் கேட்டார். யாரும் எதையும் கேட்காத அந்த மனிதரை அன்று கேட்டுவிட்டார்கள்.

“கதவைத் தெறந்து தெறந்து மூடறாங்க சார். வெளிக் காத்து உள்ள வந்துடுது.”

“வெளிக் காத்துல என்ன இருக்கு?”

பொறியாளர் டயர்க்காரரைப் பார்த்தார்.

“வெளிக் காத்து என்ன தரம்னு நாம அறிவிச்சிருக்கோம்?” என்று தலைவர் கனிவோடு வழிநடத்தினார்.

“நன்று, சார்.”

“நல்ல காத்து உள்ள வந்தா காத்து கெடுமா?”

“கெடாது, சார்.”

“அப்ப அது காரணம் இல்ல. வேற சொல்லுங்க.”

இந்தத் தர்க்கத்தின் செறிவைக் கண்டு நான் தேநீர்த் தட்டோடு உறைந்து நின்றேன். பொறியாளர் தயங்கித் தயங்கி, அத்தனை குழந்தைகள் ஒரே அறையில் மூச்சு விடுவதால் கரியமில வாயுவும் கூடுகிறது, கருவியில் அதுவும் தெரிகிறது என்றார். கூட்டத்தில் ஒளி பரவியது. உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டயர்க்காரர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

“இத்தனை நாளா ஊரே என்னைச் சந்தேகப்பட்டுது. நான் வாயத் தெறந்தேனா?”

குழு தோன்றிய நாளிலிருந்து முதன்முறையாக, நகரக் காற்று மாசின் ‘மூலகாரணம்’ விஞ்ஞான முறைப்படி கண்டறியப்பட்டது: குழந்தைகள்.

வெளியே பாய்களோடு நின்றவர்கள் சார்பில் அக்காவை உள்ளே அழைத்தார்கள். தலைவர் எழுந்து வணங்கினார். பண்புள்ளவர். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தான் சண்டைக்கு வரவில்லை என்றாள். மகள் வீட்டில் படுத்தால் என்ன ஆகிறது, மருத்துவர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் கோர்வையாகச் சொன்னாள். கடைசியில் தலைவரை நேராகப் பார்த்தாள்.

“இங்க தூங்கினாத்தான் சார் என் பொண்ணு ஒழுங்கா மூச்சு விடறா.”

“அதாம்மா பிரச்சினையே” என்றார் தலைவர்.

அக்காவுக்குப் புரியவில்லை. அப்படியானால் உலையை இரவிலாவது நிறுத்தச் சொல்லுங்கள், நாங்கள் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொள்கிறோம் என்றாள். தலைவர் வருத்தத்தோடு கையை விரித்தார். ஆலைப் பக்கம் மாசு இருப்பதாக இதுவரை எந்தக் கருவியும் சொன்னதில்லை. ஆதாரம் இல்லாமல் ஒருவர் மீது பழி சுமத்துவது பாவம். அப்படியென்றால் கருவியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் வைத்து அளந்து பாருங்கள் என்றாள் அக்கா. கூட்டம் திடுக்கிட்டது. டயர்க்காரர்தான் சுதாரித்துக்கொண்டு பேசினார்.

“என்னம்மா பேசறீங்க? அந்த இடத்துல வெச்சா அது ஒரு நாள் தாங்குமா?”

“என் பொண்ணு தாங்கறாளே சார்.”

தலைவர் அடுத்த அலுவலுக்குப் போனார். குழுவின் நடைமுறையில் உறுப்பினர் அல்லாதவர் கேட்பது கேள்வியாகக் கருதப்படாது.

எங்கள் குழு மெத்தனமானது என்று பழித்தவர்கள் அன்று வந்து பார்த்திருக்க வேண்டும். டயர் ஆலைக்கு ஒரு விளக்கக் கடிதம் அனுப்பலாமா என்று யோசிக்கவே ஆண்டுகள் எடுத்துக்கொண்ட குழு, இந்த மாசு மூலத்தைத் தேநீர் ஆறுவதற்குள் அகற்றிக் காட்டியது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளை எழுப்பினார்கள். இரட்டையர்களில் ஒருவன் எழாததால் பாயோடு தூக்கி வெளியே வைத்தார்கள். வாண்டு கண்ணைக் கசக்கிக்கொண்டு, தான் படுக்கையை நனைக்கவில்லையே, ஏன் எழுப்புகிறீர்கள் என்று பொறியாளரைக் கேட்டாள். உண்மையைச் சொல்லும் வியாதிக்காரர் அன்று வாயே திறக்கவில்லை. குணமாகிவிட்டார் என்று நினைக்கிறேன்.

கதவு பூட்டப்பட்டது. ரப்பர்ப் பட்டை மாற்றப்பட்டது. மாப்பிள்ளையைத் துடைத்து, ஓய்வு கொடுத்து, மறுபடி ஓடவிட்டார்கள். விளக்குப் பச்சையாயிற்று. ஊரார் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, அப்பாடா என்று ஆழ மூச்சிழுத்து, இருமினார்கள். தலைவருக்கு அடுத்த விருதுக்குப் பரிந்துரை போயிற்று. தலைப்பு: ‘மாசை வேரோடு களைதல்’.

என் பயிற்சியின் கடைசி நாளில் தலைவர் என்னை அழைத்துப் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பைச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யவைத்தார். காற்றின் தரம் காக்கப்பட வேண்டுமானால் குழுவின் முயற்சி மட்டும் போதாது, ஒவ்வொரு வீடும் பங்கேற்க வேண்டும். ஆகவே பெற்றோர்கள் தத்தம் குழந்தைகளின் மூச்சை இயன்றவரை குறைத்து ஒத்துழைக்கும்படி இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் தட்டி, பலகைக்கு அனுப்பினேன்.

எங்கள் தெருக் குழந்தைகள் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். வாண்டு இப்போது வீட்டில்தான் படுக்கிறாள். ஆலையில் உலை பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் அவள் ஒத்துழைக்க ஆரம்பிக்கிறாள். விலா குழிகிறது, வயிறு எக்குகிறது, மூச்சு மட்டும் சிக்கனமாக, வெளியே வராமல் நிற்கிறது. மாமா இப்போதெல்லாம் தம் அப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை, எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். ஒத்துழைப்பு சில சமயம் அளவு மீறிப் போய்விடுகிறது. அப்போது அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்குகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நிமிர்த்தி, முதுகில் தட்டி உலுக்குகிறாள். வாண்டு திணறி, வாயைப் பிளந்து ஒரு மூச்சை இழுத்து விடுகிறாள்.

குழுவின் கண்டுபிடிப்புப்படி, எங்கள் நகரத்தின் காற்று கெடுவது அந்தக் கணத்தில்தான்.